சைபர் வாங்கிய கை

“இவ்வளவு சுலபமா ஒத்துக்கிட்ட ஆளை நான் நம்பவே மாட்டேன் மேடம்,” என்றார் கண்டக்டர், ஆய்வுக்கூடத்தின் நீண்ட தாழ்வாரத்தில் நடந்தபடியே. “டிக்கெட் கேக்குறதுக்கு முன்னாடியே சில்லறையை நீட்டுறவன் ஒண்ணு ரொம்ப நல்லவனா இருக்கணும், இல்ல பையில ஆட்டுக்குட்டியை ஒளிச்சு வச்சிருக்கணும்.”

“இவர் எந்த ரகம்?”

“ஆட்டுக்குட்டி. சந்தேகமே வேண்டாம்.”

கண்டக்டர் பேருந்தில் சீட்டுக் கிழித்ததெல்லாம் பழைய கதை. இப்போது அவர் துப்பறிவாளரின் உதவியாளர். உத்தியோகம் மாறியிருந்தும் நாக்கு மட்டும் ஓய்வுபெற மறுத்துவிட்டது. துப்பறிவாளரோ அதிகம் பேசாத பெண்மணி. எதிரிலிருப்பவர் பேசி முடித்த பிறகும் இன்னும் ஏதோ மிச்சமிருப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பலர் மிச்சத்தையும் கொட்டியிருக்கிறார்கள்.

வழக்கு இதுதான். பாத்திரம் துலக்கும் தூளுக்கென்று ஒரு நிறுவனம் புதிய உப்பு ஒன்றைத் தயாரித்திருந்தது. பார்வைக்குச் சாப்பாட்டு உப்பு மாதிரியே இருக்கும், குணம் வேறு. காய்ந்திருக்கும்வரை சாது, ஈரம் பட்டால் காரம். அத்தகைய உப்புகள் தோலை எரிக்குமா, கண்ணை உறுத்துமா என்று பார்த்துச் சொல்வது இந்த ஆய்வுக்கூடத்தின் தொழில். சம்மதித்து வருகிறவர்களின் மேற்கையில், நீரில் குழைத்த ஒரு சிட்டிகை உப்பை ஒட்டுத்துணிக்குள் வைத்து ஒட்டுவார்கள். சில மணி நேரத்தில் பிரித்துவிடுவார்கள். அடுத்தடுத்த நாட்களில் அந்த இடம் எவ்வளவு சிவந்திருக்கிறது, எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று தனித்தனியே மதிப்பெண் போடுவார்கள். சைபர் என்றால் பழுதில்லை. நாலு என்றால் அந்த உப்புக்குப் பக்கத்திலேயே யாரும் போகக்கூடாது. தோல் பரிசோதனையில் உப்பு தேறிய பிறகுதான் கண்ணுக்கான பரிசோதனை.

புதிய உப்பு சிவப்பு, வீக்கம் இரண்டிலும் சைபர் வாங்கியது. கண் பரிசோதனை முடியும்வரை காத்திருக்க நிறுவனத்துக்குப் பொறுமையில்லை. மூட்டைகள் பொட்டலம் கட்டும் கொட்டகைக்குப் போய்விட்டன. கொட்டகையில் புழுக்கம். வியர்த்த கைகளில் உப்பு ஒட்டியதும் ஒவ்வொருத்தியாக எரிகிறது என்று கையை உதறத் தொடங்கினார்கள். அதில் ஒரு பெண், நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தவள், கையைக் கண்ணுக்கும் இழுத்துவிட்டாள். இப்போது ஆஸ்பத்திரியில் இடது கண்ணில் கட்டோடு படுத்திருக்கிறாள். பார்வை மிஞ்சுமா என்று மருத்துவர்கள் வாய் திறக்கவில்லை.

யாரோ விலைபோயிருக்கிறார்கள் என்பது ஆய்வுக்கூட மேலாளரின் கட்சி. கண்டுபிடிக்கத்தான் துப்பறிவாளரை அழைத்திருந்தார். ஆனால் அவர்கள் வந்து சேர்வதற்குள் குற்றவாளி தாமாகவே முன்வந்து நின்றுவிட்டார்.

அவரை எல்லோரும் ஒட்டுக்காரர் என்றே அழைத்தார்கள். உப்பை எடைபோட்டு, குழைத்து, கைகளில் ஒட்டிப் பிரிப்பவர் அவர். கூட்டத்தில் நின்றால் தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிற சுபாவம். அப்படிப்பட்டவர் போட்டிருந்த சட்டையோ கண்ணைப் பறிக்கும் சிவப்பு.

“உங்களைப் பாத்தா பஸ்ஸே நின்னுடும் சார்,” என்றார் கண்டக்டர்.

ஒட்டுக்காரர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். “வீட்ல எடுத்துக் குடுத்தது,” என்றார்.

“என்ன செஞ்சீங்க? முழுசா சொல்லுங்க,” என்றார் துப்பறிவாளர்.

“கம்பெனி உப்புக்குப் பதிலா சாப்பாட்டு உப்பைக் குழைச்சு ஒட்டினேன். அதான் எல்லாக் கையும் சைபர்.”

“யார் சொல்லி?”

“யாரும் சொல்லல. அதாவது... கம்பெனி ஆள் ஒருத்தர்.”

“எப்படி இருப்பார்?”

“சாதாரணமா.”

“என்ன குடுத்தார்?”

ஒட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். “ஞாபகம் இல்லீங்க.”

வெளியே வந்ததும் கண்டக்டர் கையைத் தட்டினார். “லஞ்சம் வாங்கினவருக்குத் தொகை ஞாபகம் இல்லையாம்! உலக சாதனை மேடம் இது.”

“சாயங்காலம் இவரைப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க,” என்றார் துப்பறிவாளர். “அதுக்குள்ள ஒரே ஒரு கையைப் பாக்கணும் எனக்கு.”

*

அந்தக் கை ஒரு தையற்காரியுடையது. கை கொடுத்தவர்களில் ஆய்வுக்கூடத்துக்கு மிக அருகில் இருந்தவள் அவள்தான். மாடிப்படிக்கு அடியில் தையல் இயந்திரம் மட்டுமே அடங்குகிற ஓர் அறை. வந்தவர்கள் துணிக்குவியலை ஒதுக்கி நின்றுகொள்ள வேண்டியிருந்தது.

“அந்த ஒட்டா?” என்றாள், வாயிலிருந்த ஊசியை எடுத்துவிட்டு. “ஐயோ, அதை ஏன் கேக்குறீங்க. மிளகாய் அரைச்சு அப்பின மாதிரி எரிஞ்சுது. பிரிச்சுப் பாத்தா செக்கச் செவேல்னு இருக்கு. ரெண்டு நாள் அப்படியே இருந்துச்சு.”

“வீக்கம்?”

“வீக்கம் துளிகூட இல்ல. செவப்பு மட்டுந்தான். சதுரமா, ஒட்டோட அளவுக்கு.”

கண்டக்டரும் துப்பறிவாளரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பாட்டு உப்பு காயமில்லாத தோலை அந்த மாதிரி எரிக்காது.

“எரியுதுன்னு சொல்லலையாம்மா நீ?”

“சொல்லியிருப்பேன். மார்க் டீச்சர் பாத்துட்டு ‘ஒண்ணுமில்லடி தங்கம்’னாங்க. அவங்களே ஒண்ணுமில்லன்னா எனக்கென்ன தெரியும்? உப்புன்னா கொஞ்சம் எரியத்தானே செய்யும்னு விட்டுட்டேன்.”

மார்க் டீச்சர் என்பது மதிப்பெண் போடும் அம்மாளுக்குக் கை கொடுக்க வருகிறவர்கள் வைத்த பெயர். ஒட்டுக்காரரின் மனைவி. கணவர் பிரித்துவிட்டுப் போன கையை, கதவு சாத்திய அறையில் அவர் ஒருவரே பார்த்து மதிப்பிடுவார். கறாரான மதிப்பெண், பூப்போன்ற கை என்று பெயரெடுத்தவர்.

“எப்படிப் பாத்தாங்க உன் கையை? செஞ்சு காட்டேன்.”

தையற்காரி துப்பறிவாளரின் கையைப் பிடித்து, கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரல் நுனிகளால் மெல்ல வருடினாள். ஒருமுறை. மறுபடியும் ஒருமுறை. “இப்படித்தான். ரொம்ப நேரம் தடவுனாங்க. முன்னல்லாம் ஜன்னல்கிட்டக் கூட்டிட்டுப் போய் வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாப்பாங்க. இப்ப கொஞ்ச நாளா விரலாலதான். போன தடவை வேற ஒரு உப்புக்கு எனக்குக் கை பொம்முனு வீங்கிடுச்சு. தொட்ட உடனே ‘அடப்பாவமே, மூணு’ன்னு பதறி, மருந்து தடவி, ஊதி வேற விட்டாங்க.”

தெருவுக்கு வந்ததும் கண்டக்டரால் பொறுக்க முடியவில்லை.

“கணக்கு சரியாயிடுச்சு மேடம். உப்பை யாரும் மாத்தல. காசு வாங்கினது டீச்சரம்மா. புருஷன் தலையைக் குடுத்துக் காப்பாத்துறார். நம்ம வீட்ல நான் ஒரு காய்ச்சலுக்குப் படுத்தாலே ‘நடிக்காதீங்க’ன்னு சொல்வாங்க. இங்க பாருங்க, ஜெயிலுக்கே போறார் மனுஷன்!”

“காசு வாங்கினவங்க எதுக்கு அவ்வளவு நேரம் தடவணும்?”

“ஆங்?”

“சைபர் போடுறதுன்னு முடிவு பண்ணிட்டா கையைத் தொடவே வேண்டாமே. எட்டி நின்னு போட்டுட்டுப் போயிருக்கலாம். இவங்க தேடியிருக்காங்க. ஒரு தடவை தேடி, நம்பிக்கை இல்லாம மறுபடியும் தேடியிருக்காங்க. வீங்கியிருந்தா கிடைச்சிருக்கும். இது வீங்காத உப்பு.”

கண்டக்டர் நடப்பதை நிறுத்தினார். அவருக்குள் ஏதோ ஒன்று, இன்னும் உருவம் கொள்ளாத ஒன்று, சங்கடமாகப் புரண்டு படுத்தது. அதை விரட்ட ஒரு நகைச்சுவையைத் தேடினார். கைக்கு எட்டவில்லை.

*

மேலாளரின் அறைக்கு வெளியே ஒரு மரப்பலகை. அதில் மார்க் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, பக்கத்தில் கணவருக்குக் கொண்டுவந்திருந்த சாப்பாட்டு அடுக்கு. அழுது முடித்த முகம். சற்றே மெலிந்த உடம்பில் ரவிக்கை தொளதொளத்தது. மூடிய கதவுக்கு அப்பால் ஒட்டுக்காரர் தம் வாக்குமூலத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலாளரின் குரல் மட்டும் வெளியே கேட்டது.

“என் வீட்டுக்காரர் அப்படிச் செய்யக்கூடியவர் இல்லீங்க,” என்றார், இவர்களைக் கண்டதும் எழுந்து. “ஒட்டு கோணலா இருந்தாலே பிரிச்சு மறுபடி ஒட்டுவார். அவருக்கு ஏதோ ஆயிடுச்சு. நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

“உக்காருங்கம்மா,” என்றார் துப்பறிவாளர். தாமும் பக்கத்தில் உட்கார்ந்தார். “அவர் சட்டை நல்லா எடுப்பா இருக்கு. நீங்கதான் எடுத்தீங்களாமே.”

இந்த நேரத்தில் இது என்ன பேச்சு என்று டீச்சர் ஒரு கணம் திகைத்தார். ஆனாலும் கணவரைப் பற்றிய நல்ல வார்த்தை அல்லவா. முகம் தானாகவே கொஞ்சம் மலர்ந்தது. “ஆமாங்க. கடையில முதல்ல கையில எடுத்ததே அதைத்தான். அவர் பளிச்சுனு எதையும் போட மாட்டார், கூச்சம். அதான் அடக்கமா, காப்பிப்பொடி கலர்ல எடுத்தேன். பிரிச்சுப் பாத்துட்டு ஒரு நிமிஷம் பேசவே இல்ல. அப்புறம் ‘ரொம்ப நல்லாயிருக்கு’ன்னார். வாரத்துல பாதி நாள் அதையேதான் போடுறார்.”

தாழ்வாரத்தின் மறுமுனையில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

கண்டக்டர் துப்பறிவாளரின் முகத்தைப் பார்த்தார். துப்பறிவாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்ட கேள்விக்காக அவர் வருந்துகிற மாதிரி இருந்தது.

“டீச்சர்,” என்றார் கடைசியில், மிகத் தாழ்ந்த குரலில். “அது சிவப்புச் சட்டை.”

“இல்லீங்க, காப்பிப்பொடி...”

“நல்ல சிவப்பும்மா.”

டீச்சர் சிரிக்க முயன்றார். பிறகு மூடிய கதவைப் பார்த்தார், அதற்குள் அந்தச் சட்டை இருப்பது நினைவுக்கு வந்ததைப்போல. “கொஞ்ச நாளா எல்லாமே வெளுத்தாப்ல இருக்கும். வெளிச்சம் பத்தல, தூக்கம் பத்தலன்னு நெனச்சேன். அதான் விரலால நிதானமா...” வாக்கியம் முடியவில்லை. கை பழக்கத்தால் பைக்குள் போயிற்று. ஒரு மாத்திரை அட்டையை வெளியே எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, தண்ணீர்ப் புட்டியைத் திறந்தார். “நேரமாயிடுச்சு. நேரம் தவறினா அவர் திட்டுவார்.”

“அம்மா, அதை வாயில போடாதீங்க!”

கத்தியது கண்டக்டர். தாழ்வாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார். துப்பறிவாளருக்கே தூக்கிவாரிப் போட்டது.

கண்டக்டர் அந்த அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பார்க்கவே தேவையில்லை, இருட்டில் தொட்டாலும் அவருக்குத் தெரியும். “டி.பி.க்குத் தானேம்மா? நானும் சாப்பிட்டேன். நாள் பூரா கண்டவன் இருமலையும் உள்ளே இழுத்துட்டு நின்ன உடம்பு. கூட நாலஞ்சு மாத்திரை இருக்குமே, அதுல இது ஒண்ணு.”

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க. இங்க யாருக்கும் தெரியாது. தொத்துற காலம் முழுக்க லீவுலதான் இருந்தேன், சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு. தெரிஞ்சா ஒருத்தர் கையைத் தொட விட மாட்டாங்க.”

“மாசா மாசம் புள்ளி புள்ளியா ஒரு படம் காட்டி, உள்ள என்ன நம்பர் தெரியுதுன்னு கேப்பாங்களே, அதைச் செஞ்சாங்களா உங்களுக்கு?”

“எந்தப் படம்?”

“ஆஸ்பத்திரியிலம்மா. மாத்திரை வாங்கப் போகும்போது.”

“நான் போறதே இல்லீங்களே. அந்த வரிசையில என்னைப் பாத்தா விஷயம் வெளிய வந்துடும்னு அவர்தான் எனக்குப் பதிலாப் போய் வாங்கிட்டு வருவார்.”

கண்டக்டர் பலகையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளில் ஒரு செய்தியைச் சொல்ல அவருக்கு இவ்வளவு நேரம் பிடித்ததில்லை. “இந்த ஒரு மாத்திரை சில பேருக்குக் கண் நரம்பைப் புடிக்கும். முதல்ல சிவப்பும் பச்சையும் மங்கும். அப்பவே கண்டுபிடிச்சு நிறுத்திடுவாங்க. அதுக்குத்தான் அந்தப் படம். நிறுத்தலேன்னா...” அவர் தலையை ஆட்டினார். “மத்ததை விட்டுடாதீங்கம்மா. இதை மட்டும், டாக்டரைப் பாக்குற வரைக்கும் தொடாதீங்க. இன்னைக்கே பாக்கணும்.”

கதவு திறந்தது. முன்னால் ஒட்டுக்காரர், பின்னால் வாக்குமூலம் எழுதிய தாளோடு மேலாளர். ஒட்டுக்காரரின் கண் முதலில் போனது பலகையின்மேல் கிடந்த மாத்திரைக்கு.

“ஏம்மா இன்னும் போடல? எத்தனை தடவை சொல்றேன்? ஒரு நாள் விட்டாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். சீக்கிரம் முடிச்சாத்தானே கண்ணு தெளியும்!”

சொல்லிவிட்ட பிறகுதான், தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

“அப்ப உங்களுக்குத் தெரியும்,” என்றார் துப்பறிவாளர்.

ஒட்டுக்காரர் தம் சட்டையின் பொத்தானைத் திருகினார். “இதை எடுத்துட்டு வந்தன்னைக்கே தெரியும். நோயோட அசதின்னு நெனச்சேன். மருந்து முடிஞ்சா சரியாயிடும்னு. இவகிட்டச் சொன்னா உடைஞ்சு போயிடுவா. மார்க் போடுறதுதாங்க இவளுக்கு உசிரு. இன்னும் கொஞ்ச நாள்தானே, ஓட்டிடலாம்னு...” மேலாளரிடம் திரும்பினார். “சார், அதான் எழுதிக் குடுத்துட்டேனே. என்னைக் கூட்டிட்டுப் போங்க. இவளை விடுங்க.”

“அந்த மாத்திரைதான் கண்ணைக் கெடுக்குது,” என்றார் துப்பறிவாளர். இதைச் சொல்ல மென்மையான வழி எதுவும் இல்லை என்பதை அவர் அறிந்திருந்தார். ஆகவே சுருக்கமாகச் சொன்னார்.

ஒட்டுக்காரர் தம் வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். “நான்தானே எடுத்துக் குடுத்தேன்,” என்றார் யாரிடம் என்றில்லாமல். “தண்ணி ஊத்தி, நான்தானே தெனமும் கையில குடுத்தேன்.” சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

கண்டக்டர், மனைவி ஓடிப்போய் அவரைத் தாங்குவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் எழுந்து நின்றார். ஆனால் போகவில்லை.

“என்னங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அந்தத் தையக்காரப் பொண்ணு கை. ஒட்டைப் பிரிச்சப்போ சிவந்திருந்துதா?”

“இப்ப எதுக்கும்மா அது...”

“சிவந்திருந்துதா?”

ஒட்டுக்காரரின் தலை ஆமென்று அசைந்தது.

“மத்தக் கைங்க?”

மறுபடியும் தலை அசைந்தது.

“எல்லாத்தையும் பாத்துட்டு, உள்ளே அனுப்பிட்டு, வெளிய நின்னு நான் சைபர் சொல்றதைக் கேட்டுட்டு இருந்தீங்க.” டீச்சரின் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று கண்டக்டருக்குப் பட்டது. “எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே எழுந்து போயிருப்பேனே. வேற யாராவது பாத்திருப்பாங்களே. அந்தப் பொண்ணு...”

“உனக்காகத்தாம்மா.”

“தெரியும்,” என்றார் டீச்சர். “அதான் தாங்கல.”

மேலாளர் கையிலிருந்த தாளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அறைக்குள் மதிப்பெண் சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார்: “அதைக் கிழிச்சுடுங்க சார். உப்பை யாரும் மாத்தல, காசு யாரும் வாங்கல. அவர் பாத்தாரு, சொல்லல. நான் பாக்கல, சொல்லிட்டேன். ரெண்டையும் எழுதுங்க.”

ஒட்டுக்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல மனைவியின் முழங்கையைத் தாங்கக் கை நீட்டினார்.

“நீங்க இருங்க,” என்றார் டீச்சர். பையை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார். சாப்பாட்டு அடுக்கை மட்டும் பலகையிலேயே விட்டார். “சாப்பிட்டுட்டு இருங்க. அவங்க கேக்குறதுக்கெல்லாம் நிஜத்தைச் சொல்லுங்க.”

துப்பறிவாளர் கண்ஜாடை காட்ட, கண்டக்டர் டீச்சரோடு படியிறங்கினார். பொட்டலம் கட்டும் பெண் கிடப்பதும் கண் மருத்துவர் இருப்பதும் ஒரே ஆஸ்பத்திரியில்தான். முதலில் எந்த வாசலுக்குப் போவது என்று கேட்க நினைத்தவர், டீச்சரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டார்.

பாதிப் படியில் டீச்சர் நின்றார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டார்.

“திரும்பி வருமாங்க?”

“வரும்மா,” என்றார் கண்டக்டர் அவசரமாக. “சீக்கிரம் நிறுத்திட்டா நிறைய பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமா வந்துடும்னு டாக்டரே என்கிட்டச் சொல்லியிருக்கார். நீங்க மனசை விட்டுடாதீங்க. நிறமெல்லாம்...”

“எனக்கில்லீங்க,” என்றார் டீச்சர். “அந்தப் பொண்ணுக்குக் கேட்டேன்.”